சவரிமுத்துவுக்கு ஆகாதவர்

கீழ்க்கணக்குக்கு வந்து தேவதாசன் வீடு எது என்று கேட்டால், "யாரு, சவரிமுத்துக்கு ஆகாதவரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அந்த றப்பர் தோட்டத்தில் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவுகள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் வேறொரு தேவதாசன் கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்வி எல்லோர் வாயிலும் ஊறிப்போயிருந்தது. தெஹியோவிட்ட பஜாரில் சில்லறைக் கடை வைத்திருக்கும் லாபிர் நானாகூட அரிசி நிறுத்துக்கொண்டே, "இன்டைக்கு ஒங்கட ஆளு வந்து சீனி வாங்கிட்டுப் போனாரு" என்பார். ஒங்கட ஆளு என்றால் மனைவியோ மகளோ இல்லை, சவரிமுத்து. தேவதாசன் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. "என்னா சீனி? செவப்பா வெள்ளையா?" என்று கேட்டு, சவரிமுத்து வாங்காத சீனியை வாங்கிக்கொண்டு வருவார்.

தேவதாசனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினேழில் பால் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தவர். சவரிமுத்து அவருக்கு மூன்று வயது மூத்தவர். காம்பிராவுக்கு ஒரு குடும்பமாக எட்டுக் காம்பிரா வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரே லயம். தேவதாசனுடையது முதல் வீடு, சவரிமுத்துவுடையது கடைசி வீடு. வாலிபத்தில் இருவரும் ஒரே சைக்கிளில் அவிசாவளைக்குப் படம் பார்க்கப் போய்வந்தவர்கள். மலையேறும் இடங்களில் யார் மிதிப்பது என்பதில்தான் அவர்களுக்குள் அந்த நாளில் சண்டையே வரும். சவரிமுத்து தன் தங்கை மரியாயியைத் தேவதாசனுக்குக் கட்டிக்கொடுத்ததும் அந்தச் சிநேகத்தில்தான்.

அது முறிந்தது ஒரு வேலைநிறுத்தத்தில். மழை பெய்தால் றப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்கு வருகைக் கணக்கில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. மழை நாளுக்கு அரைப் பேராவது போட வேண்டும் என்று தோட்டம் முழுக்க வேலையை நிறுத்தியது. முன்னால் நின்றவர்களில் தேவதாசனும் ஒருவர். மூன்றாம் நாள் காலை, பால் நிறுக்கும் ஸ்டோருக்கு முன்னால் சவரிமுத்து வாளியோடு வந்து நின்றார். அவருடைய கைக்குழந்தை சர்மிளா காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தது. தேவதாசனுக்கு அது தெரியும். தெரிந்தும், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, "கருங்காலி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டார்.

சவரிமுத்து வாளியைக் கீழே வைத்தார். "ஒனக்குத் தங்கச்சியக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசவில்லையே தவிர, ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாமல் ஒருநாளும் போனதில்லை. நடுவில் மரியாயி இருந்தாள். கணவன் வீட்டில் உலை வைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போவாள். அண்ணன் வீட்டில் குழம்பை இறக்கிவிட்டுத் திரும்பி வருவாள். "அண்ணன் என்னமோ சொல்லுது" என்று அவள் ஆரம்பித்தால் தேவதாசன் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவார். கேட்காதவர் மாதிரி முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்பார்.

தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கம். சவரிமுத்து மற்றச் சங்கத்தில் சேர்ந்து அதற்குத் தோட்டத் தலைவரானார். உடனே வேலைநிறுத்தம் செய்தவர்கள் தேவதாசனைத் தங்கள் சங்கத்துக்குத் தலைவராக்கினார்கள். தோட்டத்துத் துரையிடம் பேசப் போனால் சவரிமுத்து கோபமாகப் பேசுவார் என்பதால் தேவதாசன் நிதானமாகப் பேசப் பழகினார். சனங்கள் அவரை "பொறுமையான மனுசன்" என்றார்கள். கேட்டுக் கேட்டு, தான் பொறுமையான மனுசன்தான் என்று அவரும் எண்ணிக்கொண்டார்.

மகள் மெரினா பதினோராம் வகுப்பில் ஓ/எல் சோதனை முடித்தபோது மரியாயி ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "பொம்பளப் புள்ளைக்கு இதுக்கு மேல என்னா படிப்பு, நிறுத்திட்டுத் தையலுக்கு அனுப்பச் சொல்லுங்கன்னு அண்ணன் சொல்லுது" என்றாள்.

"அவரு யாரு எம்புள்ளைக்குச் சட்டம் போட? அவ ஏ/எல் படிப்பா. அதுக்கு மேலயும் படிப்பா."

மெரினா படித்தாள். இன்று இரத்தினபுரிப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். கீழ்க்கணக்கில் முதல் ரீச்சர் என் மகள்தான் என்று தேவதாசன் சொல்லாத கல்யாண வீடு இல்லை.

குடியை விட்டதும் அப்படித்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், "தேவதாசனுக்குக் குடிய விடத் தைரியம் பத்தாதுன்னு அண்ணன் லயம் பூராச் சொல்லித் திரியுது" என்று மரியாயி வந்து சொன்னாள். அன்று மாலையே வீட்டிலிருந்த அரைப் போத்தலை வாசல் சாக்கடைக் கானில் கவிழ்த்தார். முதல் இரண்டு வாரம் கை நடுங்கியது. கடைசி வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் நடுக்கம் நின்றுவிடும். அந்த மனுசன் முன்னால் விழக்கூடாது என்ற ஒரே வைராக்கியம்.

இந்த வருஷம் பெப்ரவரி மாதம் சவரிமுத்து தோட்டத்தைவிட்டுப் போனார்.

அறுபது வயது முடிந்து வேலையிலிருந்து நின்றாகிவிட்டது. மனைவி செத்துப் பதினைந்து வருஷம். மகள் சர்மிளா வரக்காப்பொலயில் கல்யாணம் முடித்திருந்தாள். அங்கே பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவளும் புருஷன் டெனிஸ்டனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை த்ரீவீலில் வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டார்கள். ஒரு சூட்கேஸ், ஒரு டீவி, இயேசுவின் திருஇருதயப் படம், அவ்வளவுதான் சாமான். மரியாயி த்ரீவீலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேவதாசன் வீட்டுக்குள்ளே ஜன்னலோரம் நின்று பார்த்தார். த்ரீவீல் முதல் வீட்டைத் தாண்டும்போது சவரிமுத்து திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. டீவி மறைத்துக்கொண்டிருந்தது.

அன்று பகல் அவருக்கு நல்ல பசி. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது. யார் ஆட்டத்தைவிட்டுப் போனாரோ அவர்தானே தோற்றவர்.

மறுநாள் காலை பால் வெட்டக் கிளம்பினார். லயத்துக்குப் பின்னால் பாதை இரண்டாகப் பிரியும். கீழ்ப்பாதை சவரிமுத்துவின் பாதை என்பதால், தேவதாசன் எப்போதும் மேல்பாதை. அது சுற்று, பத்து நிமிஷம் கூட எடுக்கும். இனிமேல் எதில் போனால் என்ன என்று பாதை பிரியும் இடத்தில் நின்றார். கையில் கத்தியும் வாளியும். கீழ்ப்பாதையில் நாலு எட்டு வைத்தார்; அது அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருந்தது. மேல்பாதைக்குத் திரும்பினார், இதில் நான் ஏன் போக வேண்டும் என்றிருந்தது. பின்னால் வந்த பொம்பிளைகள், "என்னாங்க தலைவரே, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு கடந்து போனார்கள். அன்று ஸ்டோருக்குப் பிந்திப் போனார்.

அதன் பிறகு சின்னச் சின்ன விஷயங்களில் தடுமாற்றம் வந்தது. லாபிர் நானா கடையில், "என்ன சீனி வேணும்?" என்று கேட்டால் விழித்தார். கோயிலில் பூசைக்குப் போனால் எந்தப் பக்கத்து வாங்கில் உட்காருவது என்று பிடிபடவில்லை. சங்கக் கூட்டத்தில் யாரோ மேசையைத் தட்டிப் பேச, இவரும் திடீரென்று மேசையைத் தட்டிக் கத்திவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாருடைய குரல் அது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

ஏப்ரல் மாதம் கம்பெனியிலிருந்து ஒரு அறிவித்தல் வந்தது. மிச்சமிருக்கும் றப்பர் மரங்களைக் குடும்பத்துக்கு முந்நூறு என்று பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள். அவரவர் மரத்தை அவரவர் பார்த்து, வெட்டி, பாலை ஸ்டோருக்குக் கொடுத்துப் பங்கு வாங்கிக்கொள்ளலாம். காலையில் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் பிரட்டு கிடையாது, பேர் கிடையாது, மேலே நின்று அதட்ட ஆள் கிடையாது. சிலர் நல்லது என்றார்கள். சிலர், நாளைக்கு நோய் நொடி வந்தால் யார் பார்ப்பது, மெல்ல மெல்ல நம்மை வெளியே தள்ளுகிற வேலை இது என்றார்கள். மே மாத முடிவுக்குள் விரும்புகிறவர்கள் கையெழுத்து வைக்க வேண்டும்.

"தலைவரே, நீங்க என்னா சொல்றீங்க?" என்று வழியில் கண்டவர்களெல்லாம் கேட்டார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் தேவதாசன்.

உண்மையிலேயே யோசித்தார். பால் வெட்டும்போதும் யோசித்தார், குளிக்கும்போதும் யோசித்தார். பங்கு நல்லது என்று நினைத்தால் அது சரியாகப் பட்டது. கூடாது என்று நினைத்தால் அதுவும் சரியாகப் பட்டது. முந்தியெல்லாம் இப்படி இருந்ததே இல்லை. எந்த விஷயம் வந்தாலும் இரண்டு நாளுக்குள் அவருக்கு உறுதியான அபிப்பிராயம் வந்துவிடும். அந்த இரண்டு நாள் எதற்காக எடுத்தது என்று நினைத்தபோதுதான் அவருக்குச் சுருக்கென்றது. சவரிமுத்து என்ன சொல்கிறார் என்ற செய்தி வந்துசேர இரண்டு நாள்.

அன்று மாலை மரியாயி கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். தேவதாசன் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒங்க அண்ணன் போன் எடுத்தாரா?"

மரியாயி ஏறிட்டுப் பார்த்தாள். இருபத்தேழு வருஷத்தில் அவர் தானாக அண்ணனைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "எடுத்திச்சு. நல்லாருக்குதாம்."

"இந்தப் பங்கு மரத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

"அது இப்ப வரக்காப்பொல ஆளு. அதுக்கு எதுக்கு நம்ம மரம்?"

"எதாச்சும் சொல்லியிருப்பாரே. நல்லா ஞாபகப்படுத்திப் பாரு."

"ஒண்ணும் சொல்லலங்க. வேணும்னா நீங்களே போய்க் கேளுங்க" என்றாள் மரியாயி. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன ஆள் சுமையை இறக்கி வைக்கிற மாதிரி சொன்னாள்.

போயே விட்டார். அடுத்த சனிக்கிழமை நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அவிசாவளை போய், அங்கிருந்து ருவன்வெல்லைக்கு வேறு பஸ், பிறகு வரக்காப்பொலைக்கு இன்னொன்று. வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். முதலில் சவரிமுத்து முகத்தைத் திருப்புவார். பரவாயில்லை. திட்டுவார். திட்டினால் அதிலிருந்து அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துபோகும். அதற்கு மாறானது என்னவோ அதுதான் தன் முடிவு. பஸ் கம்பியைப் பிடித்தபடி இதை எண்ணியபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் இறங்கித் திரும்பவில்லை.

டெனிஸ்டன் பஜாரில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் நீலக் காற்சட்டையும், ஏதோ போன் கம்பெனி விளம்பரம் போட்ட மஞ்சள் ரீசேர்ட்டுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர், "சீயா, ரீலோட் எகக் தாண்ட" என்று போனுக்குக் காசு போடச் சொல்லிச் சிங்களத்தில் கேட்க, அவர் சிரித்துக்கொண்டே, "ஹரி துவே, நம்பர் எக்க கியண்ட" என்று நம்பரைக் கேட்டு வாங்கினார். ஏதோ பகிடியும் விட்டார். பெண்கள் சிரித்தார்கள். தேவதாசன் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ஐந்து நிமிஷம் பார்த்தார். முகம் சவரிமுத்துவின் முகம்தான். ஆனால் அந்த முகம் அப்படிச் சிரிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

சவரிமுத்துதான் முதலில் கண்டார். எழுந்து நின்றார். "வாங்க மச்சான்" என்றார். நேற்றுத்தான் கண்டு பேசிய ஆள் மாதிரி. "நடந்தா வந்தீங்க ஸ்டேன்ட்ல இருந்து? சர்மிளா, மாமாவுக்குத் தண்ணி கொண்டா!"

கடைக்குப் பின்னால்தான் வீடு. சர்மிளா ஓடிவந்து, "வாங்க மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தேத்தண்ணியும் பாணிவளைப் பலகாரமும் வைத்தாள். பாணிவளையின் பாகு விரலில் ஒட்டியதைத் துடைக்கத் தெரியாமல் தேவதாசன் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டு வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

"தோட்டத்துல மழையா?"

"மழதான்."

"இங்கயும் மழதான்."

சவரிமுத்து பாணிவளைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு தேவதாசன் கேட்டுவிட்டார். "பங்கு மரம் குடுக்கப் போறாங்களாம். நீங்க என்னா நெனைக்கிறீங்க?"

"நீங்க என்னா சொன்னீங்க?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"நீங்க சொல்லாம நான் எப்பிடிச் சொல்றது?" என்றார் சவரிமுத்து. சொல்லிவிட்டுத் தானே யோசனையில் விழுந்தார். "அது என்னமோ மச்சான், அங்க இருக்கிறப்ப நீங்க ஒண்ணு சொன்னாத்தான் எனக்கு அடுத்தது தோணும். இங்க வந்த பொறகு ஒண்ணுமே தோணல. முதல் மாசம் ஒரே பயம். மண்டையில என்னமோ கொளாறுன்னு நெனச்சேன். இப்ப பழகிடிச்சு. ரீலோட் போடுறேன், சிரிக்கிறேன்."

தேவதாசன் தலையாட்டினார். பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்பியது. மெரினா நன்றாக இருக்கிறாளா என்று சவரிமுத்து கேட்டார். "படிக்க வச்சதுக்குப் பலன் கெடச்சிடிச்சு. நீங்க அவள ஓ/எல்லோட நிறுத்தப்போறீங்கன்னு தங்கச்சி வந்து சொன்னப்ப எனக்கு அப்பிடி ஒரு ஆத்தரம். அவரு நிறுத்தினா நிறுத்தட்டும், நான் எம்புள்ளயப் படிக்க வச்சுக் காட்டுறேன்னுதான் சர்மிளாவ ஏ/எல்லுக்கு அனுப்பினேன்."

"நானா நிறுத்தப்போனேன்? நீங்கதானே நிறுத்திட்டுத் தையலுக்கு அனுப்பச் சொன்னீங்க?"

"நானா?"

"மரியாயி சொன்னிச்சே."

"எனக்கும் மரியாயிதான் சொன்னிச்சு."

வெளியே ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அது போனதும் தேவதாசன் கேட்டார்.

"குடிய விட எனக்குத் தைரியம் பத்தாதுன்னு லயம் பூராச் சொல்லலியா நீங்க?"

"ஐயோ, இல்ல மச்சான். நீங்க விட்டதே எனக்கு ஒரு மாசங் கழிச்சுத்தான் தெரியும்." சவரிமுத்து குரலைத் தாழ்த்தினார். சர்மிளா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். "எம்பொண்டாட்டி செத்தப்ப, ஒரு வருஷத்துல இன்னொருத்தியக் கொண்டாந்துருவாருன்னு நீங்க சொன்னீங்களா?"

தேவதாசன் நினைத்துப் பார்த்தார். சொன்னாரா? அந்த நாளில் அவர் குடித்துக்கொண்டிருந்தார். சொல்லியும் இருக்கலாம்.

"யட்டியாந்தோட்டையில ஒரு சம்பந்தம் வந்திச்சு" என்றார் சவரிமுத்து. "நல்ல பொம்பள. புருசன் செத்தவ. எனக்குப் புடிச்சுத்தான் இருந்திச்சு. நீங்க சொன்னது பலிச்சிடக் கூடாதுன்னு வேணாம்னுட்டேன்."

தேவதாசன் பாகு ஒட்டிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டுமா, எதற்குக் கேட்பது, சொல்லாத ஒன்றுக்கா, சொல்லியிருக்கக்கூடிய ஒன்றுக்கா என்று விளங்கவில்லை. கடைசியில், "ஒங்க வீட்டுக்காரி சாவுக்கு நான் வந்தேன்" என்றார். "குழிமேட்டுக்கு மேல, மரத்துக்குப் பின்னால நின்னேன்."

"கண்டேன்" என்றார் சவரிமுத்து. "தங்கச்சிகிட்ட அதச் சொல்லல."

வீட்டுக்கு வரும்போது பின்னேரம் ஐந்து மணி. மரியாயி படியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் வெளிவந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. துவாயை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் புள்ள பொய் சொன்ன?"

"நேராச் சொன்னா கேட்டிருப்பீங்களா? மெரினாவப் படிக்க வைங்கன்னு மூணு தரம் கேட்டேன். பாப்பம் பாப்பம்னீங்க. அண்ணன் பேரச் சொன்னேன், அன்னைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேர் பதிஞ்சிட்டு வந்தீங்க. அண்ணனும் அப்பிடித்தான். ஒங்க பேரச் சொன்னாத்தான் அதுக்கு ரோசம் வரும்."

"அப்ப, எல்லாமே பொய்யா?"

"எல்லாம் இல்ல." மரியாயி யோசித்தாள். "முதல்ல எல்லாம் உண்மதான் சொன்னேன். பொறகு கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். பொறகு... எது அண்ணன் சொன்னது, எது நான் சொன்னதுன்னு எனக்கே இப்ப ஞாபகம் இல்லீங்க."

"ஒங்க அண்ணன் இன்னொரு கல்யாணம் முடிக்காம இருந்தாரே? நான் சொன்னேன்னு நீ சொன்னதா, நெசமாவே நான் சொன்னதா?"

அவள் முகம் வாடிவிட்டது. "சர்மிளாவுக்குப் பன்னெண்டு வயசு. வர்றவ எப்பிடி இருப்பாளோன்னு பயந்தேன். நீங்களும் குடிவெறியில என்னமோ சொன்னீங்க. நான் அதத்தான் கொண்டுபோய்ச் சொன்னேனா, நானாச் சொன்னேனா... மாதாவே, எனக்குத் தெரியல." அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவதாசனுக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். அதட்டியிருப்பார், அல்லது தேற்றியிருப்பார்.

இருட்டும்வரை இருவரும் படியிலேயே இருந்தார்கள். பன்னிரண்டு வருஷமாகக் குடிக்காமல் இருந்தது யார் என்று தேவதாசன் யோசித்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது அவருக்குத்தான். போத்தலைக் கவிழ்த்ததும் அவர்தான். ஆனால் அதை ஒருவரை எதிர்த்துச் செய்தார். அந்த ஒருவரோ அப்படி ஒன்றைச் சொல்லவே இல்லை. பொறுமையான மனுசன், பிள்ளையைப் படிக்கவைத்த மனுசன், குடியை விட்ட மனுசன் என்று தோட்டம் சொல்லும் ஆள் யார்? பாதி சவரிமுத்து செய்தது, மீதி மரியாயி செய்தது என்றால், தனக்கென்று என்ன மிச்சம்? கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தார். அதுவும் சரியாக வரவில்லை. மெரினா ரீச்சர்தானே. அது பொய்யில்லையே.

"சரி, இப்ப நீ சொல்லு" என்றார் கடைசியாக. "பங்கு மரம் எடுப்போமா, வேணாமா? நேராச் சொல்லு. ஒங்க அண்ணன நடுவுல இழுக்காம."

மரியாயி துவாயை எடுத்து மடித்தாள். "இப்பிடித் திடீர்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலீங்க" என்றாள். "யாரும் என்கிட்ட நேராக் கேட்டதில்லியே."

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து கோயில் முற்றத்தில் சங்கக் கூட்டம். இரண்டு சங்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். சவரிமுத்து போன பிறகு அவருடைய சங்கத்துக்கு இன்னும் தலைவர் இல்லை. தேவதாசன் எழுந்து நின்றார். இரவெல்லாம் ஒரு முடிவுக்கு வரப் பார்த்து வராமலே வந்திருந்தார்.

"எனக்குத் தெரியல" என்றார்.

யாரோ சிரித்தார்கள். "என்னாங்க தலைவரே, கம்பெனி ஒங்களப் புடிச்சிடிச்சா?" என்று ஒரு குரல் கேட்டது.

"இல்ல. நெசமாவே தெரியல. இத்தன வருஷமா நான் சொன்னதெல்லாம் எனக்குத் தெரிஞ்சா சொன்னேன்னு சந்தேகமா இருக்கு. ஒங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ அதச் செய்ங்க. என்னையப் பாத்துச் செய்யாதீங்க."

சனங்களுக்கு அது பிடிக்கவில்லை. தலைவர் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். சரியோ பிழையோ ஒன்று. சிலர் திட்டினார்கள். சிலர், மச்சான் போன கவலையில் மனுசனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பரிதாபப்பட்டார்கள். அது முழுப் பொய்யும் இல்லை என்று தேவதாசனுக்குப் பட்டது. இரண்டு வாரத்தில் மேற்கணக்கைச் சேர்ந்த ஒரு பெண்ணை இரண்டு சங்கமும் பொதுவாகத் தலைவி ஆக்கின. அவள் பங்கு ஒப்பந்தத்தை வாங்கி, மூன்று இடத்தில் திருத்தம் கேட்டு, கம்பெனியோடு எழுத்தில் பேச ஆரம்பித்தாள். அப்படியும் ஒரு வழி இருக்கிறது என்பது தேவதாசனுக்குத் தோன்றவே இல்லை. எடு அல்லது விடு, இந்த இரண்டுதான் அவருக்குத் தெரியும்.

திருத்தம் வந்த பிறகு கீழ்க்கணக்கில் பாதிக்கு மேல் கையெழுத்து வைத்தார்கள். தேவதாசனும் வைத்தார். கிளாக்கர் ஐயா, "என்னா தேவதாசன், முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டதற்கு, "ஆமாங்க" என்றார். எப்படி முடிவானது என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. ஒருநாள் சோறு சாப்பிடும்போது மரியாயி, "எடுத்துத்தான் பாப்பமே" என்றாள். அவரும், "பாப்பம்" என்றார்.

இப்போது சவரிமுத்து செவ்வாய்க்கிழமைகளில் போன் எடுக்கிறார். அரை மணி நேரம் பேசுகிறார்கள். அவர் எது சொன்னாலும் தேவதாசனுக்குச் சரியாகவே படுகிறது. அதுவும் அவருக்குப் பயமாக இருக்கிறது. எதிர்த்தே பழகியவன் இப்போது ஆமாம் போட்டே பழகிவிடுவேனோ என்று. யட்டியாந்தோட்டைப் பொம்பிளையைப் பற்றி இருவரும் பிறகு பேசவில்லை. மரியாயி அண்ணனோடு பேசும்போது மட்டும், ஒவ்வொரு தரமும் கடைசியில், "நான் என்னமோ சொல்லிட்டேன்ணே அந்தக் காலத்துல" என்று ஆரம்பிக்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து, "விடு தங்கச்சி, மழ எப்பிடி?" என்றுதான் பதில் வருகிறது.

பங்கு மரங்கள் கிடைத்த முதல் நாள் காலை இருவரும் சேர்ந்தே போனார்கள். முந்நூறு மரம், ஒரு சரிவு முழுக்க. மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கீழ் வரிசையில தொடங்குவோம்" என்றாள் மரியாயி.

மேல் வரிசையிலிருந்து தொடங்குவதுதான் நல்லது என்று தேவதாசனுக்கு உடனே தோன்றியது. சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அது உண்மையிலேயே நல்லதா, அல்லது அவள் கீழ் வரிசை என்று சொன்னதால் தோன்றியதா? சரிவை மேலும் கீழுமாகப் பார்த்தார். பார்த்து ஒன்றும் விளங்கவில்லை.

"என்னாங்க, நிக்கிறீங்க? மழ வருது."

"நீ கீழ போ. நான் மேல போறேன்" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு ஏறினார்.